மண்ணீரலில் கட்டி: உடனே எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் தாராவி 90 அடி சாலையில் இருக்கிறோம். என் அக்காவுக்கு 41 வயது. பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது மண்ணீரலில் 3.4 செ.மீ. கட்டி இருப்பது தெரிந்தது. அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு டாக்டர், கல்லுக்கு ஆபரேஷன் செய்யும்போதே மண்ணீரலையும் எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் டாடா புற்றுநோய் மருத்துவமனையில் காட்டச் சொல்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அத்தான் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாதா?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: முதலில் அத்தானைச் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. பரேல் டாடா மெமோரியல் என்றாலே புற்றுநோய்தான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அபூர்வமான கட்டிகளைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள், அதற்காகவும் அனுப்புவார்கள்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் 'எஸ்.ஓ.எல்.' என்று இருக்கிறது. அது நோயின் பெயர் இல்லை, இடத்தை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது நீர்க்கட்டியாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம், புற்றுநோய் அல்லாத சாதுவான கட்டியாகவும் இருக்கலாம். சாதுவானவற்றில் அதிகம் பார்ப்பது ஹீமாஞ்சியோமா, அதாவது ரத்தநாளங்கள் பின்னிக்கொண்ட முடிச்சு. ஹமர்டோமா என்பது மண்ணீரலின் சொந்தத் திசுவே ஒழுங்கில்லாமல் திரண்டது. லிட்டோரல் செல் ஆஞ்சியோமா என்ற இன்னொரு ரத்தநாளக் கட்டி 1991-லும், 'சான்ட்' என்று சுருக்கமாகச் சொல்லும் கட்டி 2004-லும்தான் பெயர் பெற்றன, அதனால் பல டாக்டர்கள் இவற்றை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

சாதா ஸ்கேனில் இவற்றைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். சாயம் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் நிறைய விஷயம் தெரியும். ஹீமாஞ்சியோமா, எம்.ஆர்.ஐ.யில் 'டி2' என்கிற வகைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். சான்ட் கறுத்துத் தெரியும், சாயம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி கோடு கோடாக இறங்கும். அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் மறக்காது. ஆனால் எல்லாக் கட்டியும் இப்படித் தெளிவாகக் காட்டிக்கொடுப்பதில்லை.

ஊசி கேட்டீர்கள். மண்ணீரல் முழுக்க ரத்தம் என்பதால் முன்பெல்லாம் ரொம்பப் பயப்படுவார்கள். மெல்லிய ஊசியோடு, பழகிய கைகளில் செய்தால் பெரிய ரத்தக்கசிவு அபூர்வம்தான். லிம்போமா சந்தேகம் இருந்தால் ஊசி மிகவும் உதவும், சில நேரம் ஆபரேஷனே வேண்டாம் என்றாகிவிடும். ரத்தநாளக் கட்டிகளில் அந்தத் துளிச் சதையை வைத்துப் பெயர் சொல்வதுதான் சிரமம். நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் நீர்க்கட்டி இல்லை என்று உறுதியாகாமல் ஊசியைத் தொடவே கூடாது.

அக்கா விஷயத்தில் நான் கேட்பது இவ்வளவுதான்: முன்பு புற்றுநோய் வந்ததுண்டா, விடாத காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை உண்டா, ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) சரியாக இருக்கின்றனவா, அப்புறம் பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா. செம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா, பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்த நாலு வருடப் பழைய ஸ்கேன் படக் குறுந்தகட்டைத் தேடிக் கொண்டுவந்தார். அதே கட்டி, அதே அளவு. ஆபரேஷன் பேச்சு அன்றே முடிந்தது. பழைய படம் இல்லையென்றால் இப்போது ஒரு எம்.ஆர்.ஐ., சந்தேகப்படும்படி எதுவும் இல்லாவிட்டால் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் மறுபடி பார்த்தால் பெரும்பாலும் போதும்.

கட்டி வளர்ந்தால், வலித்தால், தட்டணுக்கள் குறைந்தால், படம் சந்தேகமாக இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் 'ஒரே மயக்கத்தில் ரெண்டையும் முடிச்சிடலாம்' என்பதற்காக எடுக்காதீர்கள். மண்ணீரல் இல்லாதவருக்குச் சில கிருமிகள் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும். மும்பை மழைக்கால மலேரியாவும் அவர்களைக் கடுமையாகத் தாக்கும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்ற கிருமிகளுக்கான தடுப்பூசிகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும், இதை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததும் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கி வராமல் படங்கள் இருக்கும் குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, டாடாவுக்கு அதையும் எடுத்துச் செல்லுங்கள்.