வீட்டில் காய்ச்சிய பீரை கெக்கில் (பீர் அடைக்கும் உலோகக் கலன்) போட்டு சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவைத் திறந்துவிட்டேன். மறுநாளும் நுரை வரவில்லையே, ஏன்?

வாயு உள்ளே போனதும் உடனே பீரில் கரைந்துவிடாது, மேற்பரப்பு வழியாக மெல்லத்தான் இறங்கும். அதோடு, திரவம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு கார்பன் டை ஆக்சைடை அது பிடித்து வைக்கும். அதனால் முதலில் கெக்கை ஃப்ரிட்ஜில் வைத்து 3, 4 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். மூடியின் வால்வை இரண்டு மூன்று முறை இழுத்து, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுங்கள். ஆக்சிஜன் இருந்தால் பீர் நனைந்த அட்டை மாதிரி வாடை அடிக்கும்.

அப்புறம் சிலிண்டரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 12 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தின் அலகு) வைத்து, ஒன்றிரண்டு வாரம் அப்படியே விடுங்கள். ஒரு லிட்டர் பீரில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். ஏல் என்ற பீர் ரகத்தில் பெரும்பாலான வகைகளுக்கு அது சரியான அளவு.

அவசரமென்றால் 30 பிஎஸ்ஐயில் ஒரு நாள் வைத்துவிட்டு 12-க்குக் குறைக்கலாம். ஆனால் குறைக்க மறந்தால் கிளாஸ் முழுக்க நுரைதான் வரும். வாயு சீக்கிரம் கரைய கெக்கைக் குலுக்கும் வழியை நான் சொல்லமாட்டேன். எவ்வளவு கரைந்தது என்பதே பிடிபடாது.

ஒரு வாரம் ஆகியும் சப்பென்று இருந்தால், இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி எழும் இடத்தில்தான் கசிவு.