தாத்தா பாட்டிகளைப் பார்த்துக்கொள்ளப் பிடிக்கும், அதையே வேலையாக்க முடியுமா?

பிளஸ் டூ முடித்திருக்கிறீர்கள், பாட்டியை இரண்டு வருடம் கவனித்த அனுபவமும் இருக்கிறது என்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் பாசம் வேறு, முறையான பயிற்சி வேறு.

ஒரு சின்ன உதாரணம். படுத்திருக்கும் முதியவரைச் சட்டென்று எழுப்பி நிற்க வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி, தலைசுற்றி விழுந்துவிடக்கூடும். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, ஓரிரு நிமிடம் பேச்சுக் கொடுத்து, அப்புறம்தான் எழுப்ப வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். படிப்பு சொல்லித்தருவது இதைத்தான்.

நர்சிங் டிப்ளமோ 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். டிகிரிக்கு பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் வேண்டும். பிசியோதெரபியும் நல்ல வழி. மூட்டுவலி, பக்கவாதம் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள்தானே! வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் ஹோம் கேர் வேலைக்குச் சில மாதப் பயிற்சிகளும் உண்டு. ஆனால் வேலையில் சேர்த்துவிடும் ஏஜென்சி கமிஷன் எவ்வளவு பிடிக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சென்னைக்காரர் என்றால் கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையை ஒருமுறை போய்ப் பாருங்கள். முதியோருக்கென்றே தனி மருத்துவமனை அது.