சிறைக்குள் வார்டர் அடித்தால் முதல் மனு யாருக்கு?

கேள்வி: திருட்டு வழக்கில் என் தம்பி 18 நாளாகக் கிளைச் சிறையில் ரிமாண்டில் இருக்கிறான். நேற்று சிறையில் அவனைப் பார்க்கப் போனபோது இடது முழங்கை வீங்கியிருந்தது. வார்டர் லத்தியால் அடித்தார் என்கிறான். முந்தாநாள்தான், 'அவன் உள்ளே நல்லபடியா இருக்கணும்ல' என்று போனில் பேசி ஜிபேயில் 3,000 ரூபாய் வாங்கினார்கள். புகார் கொடுத்தால் இன்னும் அடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. யாரிடம் போவது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் முதல் மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டாம் என்கிறேன். உங்கள் தம்பி இருப்பது நீதிமன்றக் காவலில். ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டிடம்தான் முதலில் போக வேண்டும்.

அடுத்த வாய்தா வரை காத்திருக்காதீர்கள். வீக்கம் வடிந்தால் பாதி ஆதாரம் போய்விடும். வழக்கில் ஏற்கெனவே வக்காலத்து போட்ட வக்கீல் இருந்தால் நாளைக் காலையே அவரை மனு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். புது வக்கீல் என்றால் வக்காலத்தில் உள்ளே கையெழுத்து வாங்கி, சிறை அதிகாரியின் சான்றொப்பமும் பெற வேண்டும். விஷயம் அங்கேயே கசிந்துவிடும். வக்கீலே இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

மனுவில் கேட்க வேண்டியவை: தம்பியை நேரில் ஆஜர்படுத்துவது, அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக் காய விவரத்தை நீதிமன்றத்துக்கு அனுப்புவது, சம்பவ நாளின் கேமரா பதிவை அழியாமல் வைப்பது. 'நேரில்' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். காணொளியில் ரிமாண்ட் நீட்டிக்கும்போது பக்கத்திலேயே வார்டர் நின்றால் எந்தக் கைதி வாய் திறப்பார்? கேமராவில் புதுப் பதிவு பழையதன் மேல் ஏறிவிடும் என்பதால் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கேளுங்கள்.

சிறைத் தரப்பு பதிலை இப்போதே சொல்லிவிடலாம்: குளியலறையில் வழுக்கி விழுந்தார், கைதிகளுக்குள் தகராறு, அல்லது போலீஸ் அடித்த பழைய காயம். கடைசி வாதத்தை உடைக்க, ரிமாண்டுக்கு முன் எடுத்த மருத்துவச் சான்றின் நகலை நகல் மனு போட்டு வாங்குங்கள். முழங்கையில் காயம் என்று அதில் இல்லையென்றால் அது பிறகு வந்த காயம் என்று வலுவாக வாதாடலாம்.

பண விஷயத்தில் அவசரம் இன்னும் அதிகம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. ஆனால் கொடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு இன்றே எழுதுங்கள். பணம் போன கணக்கு பெரும்பாலும் வேறு யார் பெயரிலாவது இருக்கும், பரவாயில்லை. பரிவர்த்தனை எண், தொகை, அழைப்பு வந்த எண், நேரம் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். மறுபடி கேட்டால் அனுப்பவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். அந்தத் துறையிடம் சொல்லுங்கள், பொறி வைப்பது அவர்கள் வேலை.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவத்திலிருந்து ஓராண்டுக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை. அதையே தேசிய ஆணையத்துக்கும் அனுப்பிக் குழப்பாதீர்கள். திருட்டு வழக்கே பொய் என்று அந்த மனுவில் எழுதுவது பலர் செய்யும் தவறு. அது நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம். அடித்ததையும் பணம் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். வார்டர் பெயர் தெரியாவிட்டால் அடையாளமும் பணிநேரமும் போதும்.

சிறைத் துறைத் தலைமைக்கும் நகல் அனுப்பலாம், ஆனால் மாஜிஸ்திரேட் முன் மனு பதிவான பிறகு. அதன்பின் தம்பிமேல் கை வைக்க யோசிப்பார்கள்.

ஒரு வார்டர் காசுக்காகக் கைதியைச் சித்திரவதை செய்ததை இன்னொரு கைதி கடிதமாக எழுத, உச்ச நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்றது சுனில் பத்ரா வழக்கில், 1979-ல். எனவே மனுவின் நடை சரியில்லையே என்று தயங்க வேண்டாம்.

சிறை மாற்றம் கேட்பதற்கு முன் தம்பியிடம் பேசுங்கள். தொலைவிலுள்ள மத்திய சிறைக்கு மாற்றினால் நீங்கள் வாராவாரம் போய்ப் பார்க்க முடியாமல் போகலாம்.