வாசகர் கேள்வி: பதிவேட்டைச் செயலரிடம் விடலாமா?

கேள்வி: சேலம் நகரத்துச் சபையோடு ஏற்காட்டுத் தோட்டப்பகுதியில் உள்ள இரண்டு சிற்றாலயங்களையும் கவனிக்கும் ஆயர் நான். பதிவேடு, காணிக்கைக் கணக்கு, சேகரக் குழுவின் (சபை நிர்வாகக் குழுவின்) கூட்டக் குறிப்பு என்று வாரத்தில் இரண்டு நாள் கழிந்துவிடுவதால், வீடு சந்திப்புக்கு நேரம் போதவில்லை. அலுவல் முழுவதையும் செயலரிடம் ஒப்படைத்துவிடலாமா? மேலும், சென்ற மாதம் நான் நடத்திவைத்த திருமணத்தின் பதிவில் மணமகளின் தந்தை பெயரைத் தவறாக எழுதிவிட்டதை நேற்றுத்தான் கவனித்தேன். வெள்ளை மை பூசித் திருத்தினால் போதும் என்கிறார் ஒருவர்.
– ஓர் ஆயர், சேலம்

பதில்: ஐயா, வெள்ளை மையைத் தொடாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இதற்கென்றே 78ஆம் பிரிவில் வழி சொல்லியிருக்கிறது. பிழையைக் கண்ட ஒரு மாதத்துக்குள், மணமக்களின் முன்னிலையில், அவர்கள் இறந்துவிட்டாலோ வர இயலாவிட்டாலோ நம்பத்தகுந்த வேறு இருவரின் முன்னிலையில், மூலப் பதிவில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், ஓரத்தில் சரியான பெயரை எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். உடனிருந்தவர்களும் சான்றொப்பம் இடவேண்டும். பதிவேட்டோடு இணைந்துள்ள சான்றிதழிலும் அதே திருத்தம் வரவேண்டும். அதை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், பழைய பதிவையும் ஓரத் திருத்தத்தையும் காட்டும் தனிச் சான்றிதழ் ஒன்றை அனுப்புங்கள். பதிவேட்டை வேண்டுமென்றே அழிப்பதற்கும் பொய்ப் பதிவு செய்வதற்கும் அச்சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு என்பதை அந்த ஆலோசகருக்கும் சொல்லிவையுங்கள்.

ஒப்படைப்பது பற்றி: காணிக்கைக் கணக்கைத் தயங்காமல் கொடுத்துவிடலாம். ஆராதனை முடிந்ததும் சபையார் இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையொப்பமிட்டுப் பொருளாளரிடம் தரட்டும். ஆயர் பணத்தைத் தொடாமலிருப்பதே ஆயருக்கும் நல்லது. கூட்டக் குறிப்பு செயலரின் வேலை. படித்துப் பார்த்தால் போதும்.

திருமணப் பதிவு அப்படியன்று. திருமணத்தை நடத்தியவரே அது முடிந்தவுடன் எழுதி, மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட, சான்றிதழைப் பிரித்து ஒரு மாதத்துக்குள் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். ஆகவே, மலையில் திருமணம் என்றால், பதிவேடும் உங்களோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறத்தான் வேண்டும். 'கீழே போய் எழுதிக்கொள்ளலாம்' என்பது செல்லாது. மழைக்காலமானால் எண்ணெய்த்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டையும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள் என்பேன். காப்பித் தோட்டத்து வேலைக் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பவை; முப்பது ஆண்டு கழித்துப் பேரன் ஒருவன் சான்று கேட்டு வரும்போது, தகப்பன் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் அலைவது அவன்தான்.

இன்னொன்று: தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியே பதிவு செய்ய வேண்டும் என்று மணமக்களிடம், ஆலயத்தில் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கும் காலத்திலேயே சொல்லிவிடுங்கள், கோயில் பதிவே போதும் என்று நினைத்திருப்பவர்கள் இன்னும் பலர்.