கொழுந்துப் படங்கும் சாட்டின் சப்பாத்தும்

அன்புள்ள அக்கா,

பழைய பாலே நடனப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 'ஜிசேல்' என்ற பாலேயின் நாயகியைக் காட்டும் அச்சுப்படங்களைத் தேடிப் பார்த்தேன். திராட்சை பறிக்கும் ஊரின் ஏழைப் பெண்ணாம். காலில் சாட்டின் சப்பாத்து, இடுப்பில் அழுக்குப்படாத ஏப்ரன்! என் அம்மா இருபத்தெட்டு வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். இந்தப் படங்களை வைத்து அந்தக் காலத்து ஏழைகளின் உடுப்பைத் தெரிந்துகொள்ள முடியுமா?

ஒரு வாசகி, ஹட்டன்

அன்புள்ள தங்கச்சி,

முடியாது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்குப் பார்க்கப் பிடித்த ஏழையைத்தான் அவற்றில் வரைந்தார்கள். 1841இல் பாரிஸில் ஜிசேல் முதன்முதலில் மேடையேறியபோது நாயகியாக ஆடியவர் கார்லோட்டா கிரிசி. அவரைப் போன்ற நட்சத்திரங்களின் கல்லச்சுப் படங்களை ரசிகர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வியர்வையும் ஒட்டுத்துணியும் இருந்தால் யார் வாங்குவார்கள்?

ஆனால் அந்தக் கதையே உடுப்பைப் பற்றியதுதான். பிரபு ஒருவன் வாளையும் மேலங்கியையும் குடிசையில் ஒளித்துவிட்டு, கிராமத்தான் உடுப்பில் ஜிசேலைக் காதலிக்கிறான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பதில்டா வேட்டைக்கு வந்த வழியில் அங்கே தங்குகிறாள். ஜிசேல் அவளுக்குப் பின்னால் மெல்லப் போய், தரையில் புரளும் கவுனின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். வர்க்கம் என்றால் என்ன என்பதை அந்த ஒரு கை சொல்லிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பாரிஸ் ஒபராவில் பயின்ற சிறுமிகளை 'எலிகள்' என்று அழைத்தார்கள். பலர் உண்மையிலேயே ஏழை வீட்டுப் பிள்ளைகள். பின்வரிசையில் கிராமத்துப் பெண்களாக ஆடியவர்களிலும் பலர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். ஏழைப் பிள்ளைக்கே, பணக்காரர் கற்பனை செய்த ஏழையின் உடுப்பு! நம் மலையகத்துக் காமன் கூத்தில் தோட்ட லயத்து மனிதர் ஜிகினா ஒட்டிய கிரீடத்தோடு மன்மதனாகிறார். அவருக்கு வேடம் கட்டுவது அவருடைய சொந்தச் சனம். அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

சரி, உண்மையான உடுப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். உழைக்கிறவர்களின் துணி கிழியும்வரை உடுக்கப்படும், அப்புறம் கரித்துணியாகும். அதனால் மிஞ்சுவது குறைவு. உங்கள் அம்மா கொழுந்து எடுக்கும்போது உடுப்புக்கு மேல் இடுப்பில் கட்டிய முரட்டுத் துணி, அந்தப் படங்கு, இன்னும் வீட்டில் கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். கொழுந்துக் கறை எங்கே, கூடைக்கயிறு தலையில் உரசாமல் இருக்க என்ன துணி வைத்தார் என்பதையெல்லாம் அவரிடமே கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா