கள்ளு மதுவில் சேராதா, தம்பி?

கேள்வி: ஒன்பது மாதத்துக்கு முன் ஈரலில் சீழ்க்கட்டி வந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஊசியால் சீழ் எடுத்தார்கள். இப்போது சுகம். ஆயுள் காப்புறுதியும் ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதியும் எடுக்கப் போகிறேன். மாறின வருத்தத்தை எழுதத் தேவையில்லை என்கிறார் முகவர். மதுப் பழக்கம் 'இல்லை' என்று போட்டாச்சு. பின்னேரத்தில் ஒரு போத்தல் கள்ளு மட்டும்தான். கட்டியை எழுதவா, விடவா?
– விசுவமடு வாசகர்

பதில்: கட்டியைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த ஒரு போத்தலுக்கு வருவோம். வடக்கில் அமீபா என்ற கிருமியால் ஈரலில் சீழ் கட்டுவது பெரும்பாலும் கள்ளுக் குடிக்கிற ஆண்களுக்குத்தான். வாட்டில் சேர்த்தவுடனேயே அதைக் கேட்டு எழுதியிருப்பார்கள். நாளைக்கு உங்களுக்கு ஒன்று நடந்தால் கம்பனி தேடி எடுப்பது அந்தப் பதிவைத்தான். படிவத்தில் 'இல்லை', பதிவில் 'தினமும்'. காசு தர மறுக்க அது போதும். மறுப்புக் கடிதத்தைப் பிரிக்கப் போவது முகவர் அல்ல, உங்கள் மனைவி. பிள்ளைகளுக்கென்று கட்டுகிற காசில் பொய்யைக் கலக்கிற தகப்பனை நான் பொறுப்பானவன் என்று சொல்லமாட்டேன்.

கட்டியையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் "ஈரலில் கட்டி" என்று மொட்டையாக எழுதினால் வாசிப்பவர் புற்றுநோயை நினைப்பார். டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டையைப் பார்த்து, அமீபா சீழ்க்கட்டியா, பக்டீரியாவா, திகதி, அளவு, எத்தனை மில்லிலீற்றர் சீழ், என்ன மருந்து எத்தனை நாள் என்று எழுதுங்கள். பக்டீரியா என்றால் சீனி வருத்தத்தையும் துருவுவார்கள். அமீபா என்றால், மெற்றோனிடசோல் மருந்துக்குப் பிறகு குடலில் தங்கும் அமீபாவைக் கொல்ல இரண்டாவது மருந்து தந்தார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். இல்லாவிட்டால் திரும்பவும் வரலாம்.

'சுகம்' என்பது உங்கள் வாய்ச்சொல். காய்ச்சலும் நோவும் போன பிறகும் ஸ்கானில் அந்தக் குழி மறைய மாதக்கணக்காகும். புது ஸ்கான், ஈரல் இரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றுச் சீனி மூன்றையும் படிவத்தோடு இணையுங்கள். குழி தெரிந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கக்கூடும்; தள்ளிவைத்ததை அடுத்த கம்பனியின் படிவமும் கேட்கும். ஆகவே ஸ்கான் முதல், படிவம் பிறகு. முழுதாக மாறியிருந்தால் ஆயுள் காப்புறுதி வழமையான கட்டணத்திலேயே கிடைக்கலாம், கள்ளை விட்டிருந்தால். ஆஸ்பத்திரிக் காப்புறுதியில் ஈரல் வருத்தங்களை விலக்கி வைக்கக்கூடும். எதை விலக்கினார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது நிரப்பி வைத்திருக்கிற படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். புதிதை நீங்களே நிரப்பி, ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். கையெழுத்து வைக்க முன் மனைவிக்கு வாசித்துக் காட்டுங்கள், கள்ளுக் கேள்வியையும் சேர்த்து.