கடிகாரம் 148 காட்டுகிறது, நிற்கவா நடக்கவா?

மன்னார்குடி ஹரித்ராநதிக் குளத்தைக் காலையில் சுற்றுகிறவர்களில், துடிப்பு காட்டும் கடிகாரம் கட்டியவர்களை ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது கட்டாதவர்களைத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. நான் டாக்டர் கிடையாது, முப்பது வருஷம் விசில் ஊதி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். துடிப்பு பார்க்க மார்பைச் சுற்றிக் கட்டும் மார்புப் பட்டை, கைக்கடிகாரம் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதைப் பல வருஷம் பார்த்ததில் கொஞ்சம் விவரம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கீழ்கரையில் வழிமறித்துக் கேட்டவர்கள், போனில் கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்): 220-இல் வயதைக் கழிக்கச் சொல்கிறார்கள். எனக்கு 58, அப்படியென்றால் 162. வேகமாக நடந்தாலே கடிகாரம் 148 காட்டிச் சிவப்பாகிவிடுகிறது. பயந்துபோய் நின்றுவிடுகிறேன். சரிதானா?

சார், போன வாரம் நீங்கள் இங்கே வந்தபோது கூடவே நடந்து வந்தேனே. 148 காட்டிய அந்த நேரத்தில் பேரனுடைய பள்ளிக்கூடக் கட்டணக் கதையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மூச்சு வாங்காமல் சொன்னீர்கள். உச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் இதயம் அடிக்கும்போது யாராலும் அப்படிப் பேச முடியாது. அதனால்தான் நிறுத்தி, கையில் விரல் வைத்து எண்ணச் சொன்னேன். 15 விநாடிக்கு 33, நாலால் பெருக்கினால் 132. நின்றதும் துடிப்பு இறங்க ஆரம்பிக்கும், அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுப் பார்த்தாலும் 148 வராது. உங்கள் கடிகாரம் வளையல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, விஷயம் அதுதான். மணிக்கட்டு எலும்பிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளி, ஆட்டினால் நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். நடை முடிந்ததும் தளர்த்திவிடலாம்.

விரல் வைக்கிற விதமும் ஒன்று இருக்கிறது. சித்த வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் வைக்க வேண்டும். அவர் வாதம், பித்தம், கபம் பார்ப்பார், நமக்கு எண்ணிக்கை போதும். கட்டைவிரலால் மட்டும் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்கு குழம்பிவிடும்.

சரி, அந்த 220. 1971-இல் ஃபாக்ஸ் என்பவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் அதற்கு முன் வந்த ஆய்வுகளின் எண்களைத் தொகுத்துப் போட்ட தோராயக் கோடு அது. 2001-இல் டனாகா குழுவினர் இன்னும் நிறையப் பேரின் அளவுகளை வைத்து 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழி என்று திருத்தினார்கள். உங்களுக்கு அது 167. ஆனால் எந்தச் சூத்திரமாக இருந்தாலும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் போகும், சிலருக்கு அதற்கும் மேலே போகும். ஒரே நாளில் நட்ட வயலிலேயே எல்லாப் பயிரும் ஒரே உயரம் வளர்வதில்லை, மனுஷ உடம்புக்கு மட்டும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

இதைவிடக் கொஞ்சம் நல்ல கணக்கு கார்வோனென் முறை. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல், துடிப்பை எண்ணுங்கள். 70 என்று வைத்துக்கொள்வோம். 167-இல் 70 போக மீதி 97. அதில் 40 சதவீதம் 39, 59 சதவீதம் 57. இரண்டோடும் 70-ஐத் திரும்பக் கூட்டினால் 109 முதல் 127 வரை. இதுதான் உங்களுக்கு மிதமான பயிற்சி. 132 அதற்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான், ஓடி ஒளிய வேண்டிய எண் கிடையாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, இந்த அளவில் நடந்தால் கடிகாரமே இல்லாவிட்டாலும் சரியாகத்தான் நடக்கிறீர்கள். மார்பில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் மட்டும் எண் என்ன காட்டினாலும் நின்றுவிட வேண்டும்.

கேள்வி (தவில் வாசிப்பவர், திருவாரூர் பக்கம்): மாஸ்டர், மூன்று மணி நேரம் கல்யாணத்தில் உட்கார்ந்த இடத்தில் வாசித்தேன். கடிகாரம் 14,000 அடி நடந்தேன் என்கிறது, துடிப்பு 170-ஐத் தொட்டது என்கிறது. எனக்கு ஏதாவது கோளாறா?

தம்பி, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். கடிகாரத்துக்கு அடியில் பச்சை விளக்கு எரிகிறதே, அது தோலுக்குள் வெளிச்சத்தை அனுப்புகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். இதயம் ஒரு தடவை அடித்தால் மணிக்கட்டில் ரத்தம் ஒரு அலை ஏறி இறங்கும், அதற்கேற்பத் திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறையும். கடிகாரம் எண்ணுவது அந்த அலையைத்தான். ஆனால் கை குலுங்கினாலும் அதே மாதிரி ஒரு அலை கிளம்புகிறது. குலுக்கல் ஒரே சீராக இருந்தால் கடிகாரம் அதைப் பிடித்துக்கொண்டு, இதயம் என்று நம்பிவிடும். ஓடுகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு, நிமிஷத்துக்கு 165 அடி வைத்தால் துடிப்பும் 165 என்று அசையாமல் நிற்கும். உங்களுக்கோ வலது கை விரலில் கூடு, இடது கையில் குச்சி, எந்தக் கையில் கட்டினாலும் தப்ப வழியே இல்லை. கெட்டிமேளம் வந்த நேரத்தைக் கடிகாரம் போட்டிருக்கும் துடிப்பு வரைபடத்தில் தேடிப் பாருங்கள், எண் அங்கேதான் எகிறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கச்சேரியில் இதயம் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் மார்புப் பட்டை வாங்குங்கள். அது வெளிச்சத்தை நம்பவில்லை, இதயத்தின் மின்சாரத்தை ஈ.சி.ஜி. மாதிரி நேராகப் பிடிக்கிறது. போடுவதற்கு முன் உள்பக்கத்துப் பட்டைகளைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். காய்ந்த பட்டை முதல் ஐந்து நிமிஷம் கண்டபடி உளறும். போட்டுக் கழற்றியதும் அலசிப் போடுங்கள், நம் ஊர் வியர்வை உப்பு அதைச் சீக்கிரம் தின்றுவிடும். நான் முதல் பட்டையை அப்படித்தான் கெடுத்தேன்.

கேள்வி (34 வயது, திருவாரூர்): அண்ணா, கமலாலயக் குளத்தைச் சுற்றி அதே வேகத்தில்தான் ஓடுகிறேன். மார்கழியில் 142, சித்திரையில் 158. உடம்பு பின்னால் போகிறதா?

இல்லை, வெயில் முன்னால் வந்திருக்கிறது. உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போக வேண்டும், தசைக்குப் போவதும் குறையக் கூடாது. வியர்வையாக நீர் வெளியேறுவதால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. இதயம் ஒரு தடவை அடிக்கும்போது வெளியே போகிற ரத்தம் குறைந்தால், அது துடிப்பைக் கூட்டித்தான் ஈடு செய்யும். கடல் பக்கத்து ஈரக் காற்றில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கிறது, காயாத வியர்வை குளிர்விக்காது. ஒரே ஓட்டத்திலேயே கூட முதல் பத்து நிமிஷமும் நாற்பதாவது நிமிஷமும் ஒரே வேகத்துக்கு ஒரே எண் காட்டாது. அதனால் சித்திரை, வைகாசியில் வேகத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், 145-க்கு மேல் போகாமல் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டியிருந்தாலும் ஓடுங்கள். மார்கழியை மார்கழியோடு ஒப்பிடுங்கள். மார்கழி விடியற்காலையில் முதல் சில நிமிஷம் கடிகாரம் சரியாகக் காட்டாமலும் போகலாம், குளிரில் தோலுக்கு ரத்தம் குறைவாகத்தான் வரும், கொஞ்சம் சூடு பிடித்ததும் சரியாகும்.

கேள்வி (61 வயது, நாகப்பட்டினம்): எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. எவ்வளவு வேகமாக நடந்தாலும் 105-ஐத் தாண்டவில்லை. கடிகாரம் பழுதா?

ஐயா, மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மெட்டோபிரோலால், அடினோலால், பிசோபிரோலால் என்று "லால்" என்று முடிகிற பெயர் இருக்கிறதா? இருந்தால் அது பீட்டா பிளாக்கர் வகை. இதயத்தை வேகமாக அடிக்கவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. கடிகாரம் நன்றாக இருக்கிறது, மாத்திரையும் நன்றாக வேலை செய்கிறது. எண் ஏறவில்லையே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வயதை வைத்துப் போடும் எந்தச் சூத்திரமும் உங்களுக்குச் செல்லாது.

அதற்குப் பதில் போர்க் என்ற ஸ்வீடன்காரர் வகுத்த அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. உங்கள் உடம்பு எங்கே நிற்கிறது என்று நீங்களே சொல்ல வேண்டும். 12, 13 பக்கம், அதாவது கொஞ்சம் சிரமம், ஆனால் தொடர முடியும் என்கிற இடத்தில் நடந்தால் போதும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், உங்கள் பெட்டியில் எது எந்த வகை என்று காட்டித் தருவார்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): கை நிறைய வளையல். கடிகாரத்தை எங்கே கட்ட?

வளையல் குறைவாக இருக்கிற கையில், வளையல்களுக்கு மேலே, முழங்கைப் பக்கமாக. வளையல் வந்து இடித்தால் எண் தாவும். பச்சை குத்தியிருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், மை வெளிச்சத்தை மறைத்துவிடும்.

கேள்வி: கடிகாரம் 400 கலோரி எரித்தேன் என்கிறது. நம்பலாமா?

வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கையில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் அவற்றிலேயே நல்லது என்று வந்ததும் சராசரியாக 27 சதவீதம் தவறியது. 400-ஐ நம்பி இன்னும் இரண்டு இட்லி வைத்துக் கடப்பாவை ஊற்றிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

கேள்வி (சைக்கிள் ஓட்டுபவர், 29): கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய்த் திரும்புகிறேன். ஆடியில் போகும்போது 18 கி.மீ. வேகத்துக்கே நாக்கு தள்ளுகிறது. வேகத்தைப் பார்ப்பதா துடிப்பைப் பார்ப்பதா?

துடிப்பு, சந்தேகமே வேண்டாம். நம் பக்கம் மலை கிடையாது, ஆடிக் காற்றுதான் மலை. மேற்கே பார்த்து மிதிக்கும்போது 18-இல் 155 அடிக்கும், திரும்பி வரும்போது அதே கால் 26-இல் 125-க்கு இறங்கிவிடும். வேகத்தை வைத்துப் பயிற்சி செய்தால் போகும்போது செத்து, வரும்போது தூங்குவீர்கள். இரண்டு பக்கமும் 140-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு வேகம் எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் எண் உளறும், அதைக் கவனியுங்கள். முப்பது விநாடி வெறித்தனமாக மிதித்துவிட்டு உடனே எண்ணைப் பார்ப்பதிலும் பயன் இல்லை. இதயமே ஏறக் கொஞ்ச நேரம் எடுக்கும், கடிகாரம் அதற்கும் பின்னால் வரும்.

கேள்வி (விவசாயி, நீடாமங்கலம்): மண்வெட்டியால் வரப்பு ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுகிறேன், நாற்று முடி சுமக்கிறேன். இதற்கு மேல் நடைப்பயிற்சி வேறா?

மார்புப் பட்டையைப் போட்டுக்கொண்டு ஒருநாள் எங்கள் வயலில் அண்டை வெட்டிப் பார்த்தேன். 130-க்குக் கீழே இறங்கவே இல்லை, நடுவில் 145 வரை போனது. கைக்கடிகாரமோ பாதி நேரம் 90 என்றது, மண்வெட்டியை இறுக்கிப் பிடிப்பதும் வெட்டும்போது அதிர்வதும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், அண்டை வெட்டும் வாரத்தில் அதை இரண்டு நாளில் முடித்துவிடுவீர்கள். ஆனால் உள்ளதைச் சொல்லுங்கள், வருஷத்தில் அப்படி எத்தனை வாரம்? உழவுக்கு டிராக்டர், நடவுக்கு இயந்திரம், அறுவடைக்கும் இயந்திரம், நாம் வரப்பில் குடை பிடித்து நிற்கிறோம். மேட்டூர் திறப்பதற்கு முந்தைய மாதங்களில் நடையும் வேண்டும். சேற்றில் இறங்கும்போது கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், தண்ணீர் போகாது என்று எழுதியிருந்தாலும் சார்ஜ் ஏறுகிற முனையில் சேறு காய்ந்தால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

கேள்வி (66 வயது, வலங்கைமான்): சிங்கப்பூரில் இருக்கும் மகன் கடிகாரம் வாங்கி அனுப்பினான். ராத்திரியில் 47 என்று காட்டியதாம், அவன் போனுக்கும் தகவல் போய்விட்டது. விடியற்காலை நாலு மணிக்குக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

பெரியவரே, வயது வந்த யாருக்கும் ஓய்வில் 60 முதல் 100 வரை வழக்கமான அளவு. தூக்கத்தில் அதற்குக் கீழே இறங்குவது சகஜம், நாற்பது வருஷம் சைக்கிள் மிதித்து வயலுக்குப் போன இதயம் ஒரு அடியில் நிறைய ரத்தம் தள்ளும் என்பதால் இன்னும் குறைவாக அடிக்கும். ஆனால் 66 வயதில் இதை நான் சொல்லி நீங்கள் நம்பிவிடக் கூடாது. இதயத்துக்குள் மின்சாரம் போகிற பாதை தளர்ந்தாலும் எண் இப்படித்தான் குறையும். தலைசுற்றல், மயக்கம், படியேறினால் வழக்கமில்லாத மூச்சிரைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே போங்கள். மார்பு வலி என்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கிற கடிகாரமாகவே இருந்தாலும் மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. ஒன்றுமே இல்லையென்றால் இந்த வாரத்தில் ஒரு காலை அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது சாப்பிடுகிற மாத்திரைகளையும் கையில் எடுத்துப் போங்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டால், எந்த எண்ணுக்குக் கீழே போனால் கடிகாரம் கத்த வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு மாற்றி வைக்கச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் யாராவது அரை நிமிஷத்தில் செய்துவிடுவார்கள். அந்த ஈ.சி.ஜி. தாளைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டு சைக்கிளை எடுங்கள்.